புது ஃபர்னஸ், பழைய புகைபோக்கி, சனிக்கிழமைத் தலைவலி

அழைப்பு வந்தது வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸுக்காகத்தான். "புதுசு போட்டு மூணு மாசம்கூட ஆகல தம்பி, குளிர் கூடுற ராத்திரி பார்த்து நின்னுடுது. ரீசெட் பண்ணா ஓடுது, ரெண்டு மணி நேரத்துல மறுபடி நின்னுடுது" என்றார் அந்த அம்மா. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை ஆனால் தலைவலி வந்துவிடுகிறதாம், வாரம் முழுக்க ஓடிய களைப்பு என்று விட்டுவிட்டாராம். முதல் புகாரை எழுதிக்கொண்டேன். இரண்டாவதற்கு "ஆமாம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். இந்த ஆய்வில் என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதுதான்.

வீடு எப்படி இருந்தது

தரைக்கு மேலே இரண்டு தளம், கீழே பேஸ்மென்ட். வெளிச்சுவரை ஒட்டி எழுப்பிய செங்கல் புகைபோக்கி, அடியிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 8 மீட்டர். (சிம்னி என்ற சொல்லை இங்கே தவிர்க்கிறேன். நம்மில் பலருக்குச் சிம்னி என்றால் அடுப்புக்கு மேலே மாட்டும் மின் உறிஞ்சி. இந்தக் கதையில் இரண்டும் வருகின்றன, இரண்டும் எதிரெதிர்க் கட்சி.)

மூன்று மாதத்துக்கு முன்புவரை பேஸ்மென்டில் இருந்தவை இரண்டு: சுமார் 30 கிலோவாட் எரியும் பழைய கேஸ் ஃபர்னஸ், பக்கத்தில் 11 கிலோவாட் வாட்டர் ஹீட்டர். இரண்டின் புகைக்குழாயும் ஒரே புகைபோக்கியில் போய்ச் சேர்ந்தன. பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு, வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே பிடித்துவைக்கும் புது வகையை மாட்டினார்கள். அது புகைபோக்கியைத் தொடுவதில்லை. சுவரைத் துளைத்து இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், ஒன்று காற்றை உள்ளே இழுக்க, ஒன்று புகையை வெளியே தள்ள. வாட்டர் ஹீட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அதே சமயத்தில் ஜன்னல் இடுக்குகளை அடைத்து, சமையலறையில் பலமான உறிஞ்சி ஒன்றையும் பொருத்தியிருந்தார்கள். மூன்றும் நல்ல வேலைகள். மூன்றையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

முதல் புகார்

ஃபர்னஸ் நிற்பதன் காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இந்த வகை ஃபர்னஸ் புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் வீட்டுக்கே கொடுக்கிறது. 1 கனமீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். அதில் ஒரு பகுதி வெளிக்குழாயிலும் துளித்துளியாகப் படியும். அது வழிந்து ஃபர்னஸுக்கே திரும்பி, வடிகால் வழியாகப் போக வேண்டும். அதனால் குழாய் ஃபர்னஸை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அடிக்குக் கால் அங்குலம், அதாவது மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். பழைய இயற்கை இழுப்பு வகையில் இதற்கு நேர்மாறு: கிடைக்குழாய் ஃபர்னஸிலிருந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். பழைய வகையில் கை பழகியவர்கள் புதியதில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இங்கே சாய்வு சரியாகத்தான் தொடங்கியது. ஆனால் குழாயைத் தாங்கும் பட்டைகளைத் தூரம் தூரமாகப் போட்டதில் நடுவே தொய்ந்து வயிறு போட்டிருந்தது. அந்த வயிற்றில் தண்ணீர் தேங்கியது. தட்டிப் பார்த்தால் களுக் என்று சத்தம். குளிர் இரவில் ஃபர்னஸ் விடாமல் ஓடும்போது தண்ணீர் கூடிப் பாதிக் குழாயை அடைக்கும், விசிறியால் புகையைத் தள்ள முடியாது, புகை ஒழுங்காகப் போகிறதா என்று அழுத்தத்தை வைத்துக் கவனிக்கும் பிரஷர் ஸ்விட்ச் திறந்துகொள்ளும், ஃபர்னஸ் நிற்கும். அந்த ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. (அதைக் கம்பி போட்டு நேரடியாக இணைத்துவிட்டால் ஓடுமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும். அடைந்த குழாயோடு ஓடும்.)

வெளியே புகைக்குழாயின் வாயில் பனிக்கூர் தொங்கியது. வாய் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. அந்த இடத்தில் எவ்வளவு பனி குவியும் என்று பார்த்து, அந்த மட்டத்துக்கு மேலே குறைந்தது 12 அங்குலம் விட்டிருக்க வேண்டும். பட்டைகளை நெருக்கிப் போட்டுக் குழாயை நிமிர்த்தினேன், வெளிவாயை உயர்த்தினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பில் எழுத உட்கார்ந்தேன்.

உருகிய வளையம்

பில்லை வைத்து எழுத உயரமாக ஏதாவது வேண்டியிருந்தது. வாட்டர் ஹீட்டரின் தலையில் வைத்தேன். அங்கே வெந்நீர்க் குழாயின் அடியில் சிவப்பாக ஒன்று, குளிர்நீர்க் குழாயின் அடியில் நீலமாக ஒன்று என்று இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கும். சிவப்பு வளையம் முழுதாக இருந்தது. நீல வளையம் ஒரு பக்கம் மட்டும் மெழுகுபோல வழிந்து உறைந்திருந்தது. அதுவும் புகைக்குழாயைப் பார்த்த பக்கம்.

குளிர்ந்த தண்ணீர் வரும் குழாயில் பிளாஸ்டிக் உருகுவதற்கு ஒரே வழி, மேலே போக வேண்டிய சூடு பக்கவாட்டில் வழிந்திருக்க வேண்டும். இந்த வகை ஹீட்டரின் தலையில் குடை போல ஒரு தகர மூடி உண்டு, டிராஃப்ட் ஹூட் என்பார்கள். அதற்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. புகைபோக்கி நன்றாக இழுத்தால் அறைக்காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்ப் புகையோடு மேலே ஏறும். இழுக்காவிட்டால் புகை அதே இடைவெளி வழியாக அறைக்குள் கொட்டும்.

அப்புறம் புகைபோக்கியைச் சுற்றிப் பார்த்தேன். அடிப்பக்கச் செங்கல்லில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படலம். சுத்தம் செய்யும் கதவைத் திறந்தால் களிமண் உள்குழாயின் சில்லுகளும் ஈரச் சுண்ணாம்புக் கலவையும் ஒரு கைப்பிடி. புகையிலிருந்து படியும் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது, கலவையை அரித்துத் தின்னும்.

சோதனை, இரண்டு முறை

வெந்நீரைத் திறந்துவிட்டு ஹீட்டரை எரியவைத்தேன். டிராஃப்ட் ஹூட் விளிம்பில் கைக்கண்ணாடியைப் பிடித்தேன். முதல் அரை நிமிடம் பனித்தது, பிறகு தெளிந்துவிட்டது. புகைப்பேனாவின் (காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட மெல்லிய புகை விடும் கருவி) புகை ஒழுங்காக உள்ளே போனது. அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பூஜ்ஜியம். இத்தோடு நிறுத்தியிருந்தால் 'இழுப்பு சரி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன், எழுதியதில் பொய்யும் இருந்திருக்காது. ஆனால் உருகிய வளையம் கண்முன்னே இருந்தது.

"சனிக்கிழமை என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"துணி துவைக்கிற நாள்ப்பா. காலைல ஆரம்பிச்சா மத்தியானம் ஆகும். நடுவுல வாரத்துக்கும் சேர்த்துச் சமையல்."

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. துவைக்க வெந்நீர் வேண்டும், ஹீட்டர் மணிக்கணக்கில் எரியும். துணி உலர்த்தும் இயந்திரம் நொடிக்கு 50 லிட்டருக்கும் மேல் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். சமையலறை உறிஞ்சி அதைப்போலப் பல மடங்கு. வெளியே போகும் காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில், பெரிதாகத் திறந்திருக்கும் ஒரே வழி புகைபோக்கி.

சனிக்கிழமையை உண்டாக்கினேன். ஜன்னல், வாசற்கதவு எல்லாம் சாத்திவிட்டு, துணி உலர்த்தும் இயந்திரம், சமையலறை உறிஞ்சி, இரண்டு குளியலறை விசிறிகள், ஃபர்னஸின் காற்று விசிறி எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். பேஸ்மென்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை மானோமீட்டர் காட்டும். எல்லாம் நிறுத்தியிருந்தபோது 2 பாஸ்கல் குறைவு. எல்லாம் ஓடும்போது 8 பாஸ்கல் குறைவு. பத்துத் தாளை அடுக்கி வைத்தால் அடியில் விழும் அழுத்தம் அவ்வளவுதான். ஆனால் இயற்கை இழுப்பில் ஓடும் தனி வாட்டர் ஹீட்டர் 2 முதல் 5 பாஸ்கலிலேயே தடுமாறத் தொடங்கிவிடும்.

ஹீட்டரை மறுபடி எரியவைத்தேன். புறங்கையை டிராஃப்ட் ஹூட் பக்கம் கொண்டுபோனதுமே தெரிந்தது, யாரோ வாயருகே வந்து மூச்சுவிடுவதுபோல் ஈரச்சூடு. கண்ணாடி பனித்தது, தெளியவே இல்லை. விளிம்பில் சேர்ந்த துளி என் மணிக்கட்டில் சொட்டியது. புகைப்பேனாவின் புகை தலைகீழாக வளைந்து என் பக்கம் வந்தது. 5 நிமிடத்துக்குப் பிறகும் அதே கதை. அறையில் கார்பன் மோனாக்சைடு 6 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 6 பங்கு), பிறகு 13, இருபதாவது நிமிடத்தில் 24. அதற்குமேல் காத்திருக்கவில்லை.

அந்த அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மேல அலாரம் இருக்கே தம்பி, ஒரு நாள்கூட அடிக்கலையே?"

அலாரம் ஏன் பேசவில்லை

அலாரம் பழுதில்லை. அமெரிக்காவில் விற்கும் அலாரங்கள் யூஎல் 2034 என்ற தரத்துக்கு உட்பட்டவை. அதன்படி 70 பிபிஎம் இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், 400 பிபிஎம் இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 30 பிபிஎம் என்றால் 30 நாள் வரை அடிக்கவே கூடாது. காரணமில்லாமல் அடித்து ஆட்களைச் சலிக்கவைக்காமல் இருக்கவும், ஆரோக்கியமான ஒருவரை உயிராபத்திலிருந்து எழுப்பவும் வகுத்த கணக்கு இது. உலக சுகாதார அமைப்போ 8 மணி நேர சராசரிக்குக் கனமீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது சுமார் 9 பிபிஎம் என்று வரம்பு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே அகலமான ஓர் இடைவெளி இருக்கிறது. சனிக்கிழமைத் தலைவலி அந்த இடைவெளியில்தான் குடியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்து எரியும் கேஸிலிருந்து வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். கார்பன் மோனாக்சைடு அதிகம் இருக்காது. ஆனால் வெளியேற வேண்டிய புகை அறைக்குள் கொட்டி, அதையே பர்னர் மறுபடி உள்ளே இழுக்கும்போது ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது, எரிதல் கெடுகிறது, மோனாக்சைடு ஏறுகிறது. அதனால் இன்று 24 காட்டியது நாளை 24-ல் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஹீட்டரின் கேஸ் வால்வை மூடி, 'எரியவைக்கக் கூடாது' என்று அட்டை கட்டினேன். அன்று இரவு வெந்நீர் கிடையாது என்றதும் அவர் முகம் சுருங்கியது. ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதாதா என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து, திறந்த ஜன்னல் உள்ளே காற்றைத் தரும், அல்லது வீட்டிலிருந்து உறிஞ்சும். அதை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது. தலைவலி வந்தால் உடனே வெளியே போய், மருத்துவரிடம் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். சாதாரண மூச்சுக்காற்றில் இரத்தத்திலிருக்கும் மோனாக்சைடு 4, 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும், தாமதித்து எடுக்கும் சோதனையில் சிக்காது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டருக்கோ வித்தியாசமே தெரியாது. மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தம் என்றே காட்டும்.

பழைய ஃபர்னஸ் செய்துவந்த வேலை

புகைபோக்கி இழுப்பது உள்ளே இருக்கும் சூடான காற்று இலேசாக இருப்பதால். வெளியே 0 டிகிரி, உள்ளே சராசரி 80 டிகிரி என்றால் 8 மீட்டர் உயரத்துக்கு ஏட்டுக்கணக்கில் 20 பாஸ்கலுக்கு மேல் இழுப்பு கிடைக்கும். உள்ளே 20 டிகிரிதான் என்றால் 7 பாஸ்கல். செங்கல் வெளிக்காற்றைப்போலவே சில்லிட்டுக் கிடந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்போது இதமாகச் சூடேறிய வீடுதான் பெரிய புகைபோக்கி. சூடான காற்று மாடியின் இடுக்குகளில் கசிய, பேஸ்மென்ட் காற்றுக்கு ஏங்கி, நிஜப் புகைபோக்கியைத் தலைகீழாக உறிஞ்சும். விசிறி எதுவும் ஓடாதபோதே மானோமீட்டர் காட்டிய 2 பாஸ்கல் அதுதான்.

பழைய ஃபர்னஸ் வெப்பத்தில் 30 சதவீதம்போல வீணடித்தது. 30 கிலோவாட்டில் அது 9 கிலோவாட். குளிர்காலம் முழுக்க அந்த வீண் சூடு செங்கலைக் காயவைத்து, இழுப்பை உயிரோடு வைத்திருந்தது. வாட்டர் ஹீட்டர் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்தது. குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அளவும் உதைத்தது. ஹீட்டரின் புகைக்குழாய் 3 அங்குலம், குறுக்குப்பரப்பு 7 சதுர அங்குலம். களிமண் உள்குழாயை அளந்தால் 68 சதுர அங்குலம், ஏறக்குறைய பத்து மடங்கு. அமெரிக்காவின் கேஸ் விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 54 ஏழு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. புகைபோக்கி வெளிச்சுவரில் நின்றால் கெடுபிடி இன்னும் அதிகம். சொல்லப்போனால் பழைய ஏற்பாடும் இந்தக் கணக்கில் தேறியிருக்காது, வீண் சூடு அதை மறைத்து வைத்திருந்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. புது ஃபர்னஸின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், பிரிக்காத கையேடு தொங்கியது. பிரித்துப் பார்த்தேன். பொதுப் புகைபோக்கியிலிருந்து பழைய ஃபர்னஸை எடுக்கும்போது, மிச்சமிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் செய்ய வேண்டிய சோதனை அதில் அச்சாகியிருக்கிறது: பழைய துளையை அடை, கதவு ஜன்னல் சாத்து, உலர்த்தியையும் வெளியேற்றும் விசிறிகளையும் முழு வேகத்தில் ஓட்டு, கருவியை எரியவை, 5 நிமிடம் கழித்து டிராஃப்ட் ஹூட்டில் தீக்குச்சிச் சுடரைப் பிடித்துப் பார். நான் அன்று செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். இந்த வகை ஃபர்னஸ் கையேடுகளில் வழக்கமாகவே இருக்கும் பக்கம் அது. மாட்டியவர்கள் ஃபர்னஸை மாட்ட வந்தார்கள், வாட்டர் ஹீட்டர் தங்கள் கணக்கில் இல்லை என்று நினைத்திருப்பார்கள். உறிஞ்சி வைத்தவருக்கு ஃபர்னஸ் கணக்கில் இல்லை.

என்ன செய்தோம்

முதலில் காசில்லாத வேலை. ஃபர்னஸின் ஃபில்டர் செருகும் இடத்துக்கு மூடி இல்லை. காற்று விசிறி அந்தப் பிளவு வழியாகப் பேஸ்மென்ட் காற்றை உறிஞ்சி மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தகர மூடி ஒன்றை வெட்டிப் பொருத்தி, குழாய் இணைப்புகளை ஒட்டியதும் 8 பாஸ்கல் 6 ஆனது. மூடியில்லாத அந்தப் பிளவும் ஒட்டாத இணைப்புகளும் சேர்ந்து வாங்கிய பங்கு 2 பாஸ்கல்.

புகைபோக்கிக்குள் சரியான அளவில் உலோக உள்குழாய், அதாவது லைனர், இறக்குவதுதான் வழக்கமான தீர்வு, மலிவும்கூட. பல வீடுகளில் அதையே சொல்லியிருக்கிறேன். இங்கே சொல்லவில்லை. லைனர் சீக்கிரம் சூடாகும், இழுப்பு கூடும், எல்லாம் சரி. ஆனால் எரியத் தொடங்கும் முதல் நிமிடங்களில் அது 6 பாஸ்கலோடு மல்லுக்கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஜெயிக்க வேண்டும். விசிறி வைத்துப் புகையைத் தள்ளும் ஹீட்டர் இன்னொரு வழி, ஆனால் அதுவும் எரிய அறைக்காற்றைத்தான் எடுக்கும். எனக்குப் பிடித்தது மூடிய எரியறை கொண்ட வகை: எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாயில் எடுத்து, புகையை வெளியிலேயே விடும். வீட்டின் அழுத்தம் எப்படி ஆடினாலும் சுடருக்கு அது தெரியாது. மின்சார வெப்பப் பம்பு ஹீட்டரும் பேச்சில் வந்தது. தீயே இல்லாததால் புகைப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அதற்கேற்ற மின்கம்பி இழுக்க வேண்டியிருந்ததால் அவர்கள் மூடிய எரியறைக்கே போனார்கள். சமையலறை உறிஞ்சிக்கு ஈடாக வெளிக்காற்று வர ஒரு வழியையும் திறந்தோம்.

புகைபோக்கிக்கு இனி வேலையில்லை. உச்சியில் மூடி போட்டு, அடித்துளைகளை அடைத்தோம். இல்லையென்றால் மழையும் குளிர்காற்றும் அதன் வழியே இறங்கும்.

பிறகு அதே சனிக்கிழமையை மறுபடி உண்டாக்கினேன். எல்லா விசிறியும் ஓட, இரண்டு கருவியும் எரிய, பேஸ்மென்டில் 4 பாஸ்கல் குறைவு, கார்பன் மோனாக்சைடு அரை மணி நேரமும் பூஜ்ஜியம். மாடி அலாரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, படுக்கையறைப் பக்கம் குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும் மானி ஒன்றைக் கூடுதலாக வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். சனிக்கிழமை தலைவலி இல்லையாம். "இன்னொரு விசேஷம் தம்பி, பேஸ்மென்ட் ஜன்னல்ல தண்ணி வழியிறதும் நின்னுபோச்சு. அது குளிர்காலம்னா வர்றதுதானேன்னு துணியால தொடைச்சுக்கிட்டே இருந்தேன்."

1 கனமீட்டர் எரிவாயுவுக்கு 1.6 லிட்டர். மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் அவர் துணியால் துடைத்துப் பிழிந்தது புகையைத்தான்.